பெயர் குறையாமல் கொண்டுசேர்ப்பது

ஈரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறிய நிறுவனங்களுக்குத் தரவுத்தள வேலை செய்து கொடுப்பது என் தொழில். மஞ்சள் மண்டி, அறக்கட்டளை மருத்துவமனை, பள்ளிக்கூடம், நூல் வியாபாரம் என்று இடம் மாறும். கூப்பிடுகிற காரணம் பெரும்பாலும் இரண்டுதான். பழைய கணினி இனித் தாங்காது, புது சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றித் தர வேண்டும் என்பார்கள். இல்லையென்றால், தினமும் எடுக்கிற பேக்கப் உருப்படியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கேட்பார்கள். இரண்டுக்கும் அடிப்படை வேலை ஒன்று. தரவுத்தளத்தில் உள்ளதை 'டம்ப்' எனப்படும் ஒரு கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு இடத்தில் பொருள் மாறாமல் குடியேற்ற வேண்டும்.

இதற்கான கட்டளை ஒரே வரி. கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகள் முதல் நாளே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பொருள் மாறாமல் வந்ததா என்று கண்டுபிடிப்பதில்தான் காலம் போகிறது. எத்தனை வரிசைகள் வந்தன என்று இயந்திரம் சொல்லும். வந்தவை சரியா என்பதை அந்தக் கணக்கோடு தினமும் புழங்குகிற ஆள்தான் சொல்ல முடியும். அவர் மீட்டெடுத்த பிரதியின் முன்னால் உட்கார்ந்து பார்த்துச் சொல்லும்வரை வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து எடுக்கிற டம்ப் கோப்பை ஒருமுறையாவது திறந்து படிக்க வேண்டும். அது வெறும் உரைக்கோப்பு. தலைப்பகுதியில் சர்வரின் பதிப்பு எண்ணும், எந்த எழுத்துக் குறியாக்கத்தில் பேசுகிறோம் என்ற அறிவிப்பும் இருக்கும். பிறகு ஒவ்வொரு டேபிளுக்கும், பழையது இருந்தால் நீக்கு, இப்படிப் புதிதாக உருவாக்கு, இந்த வரிசைகளை உள்ளே போடு என்ற கட்டளைகள் வரிசையாக வரும். நான் முதலில் பார்ப்பது கடைசி வரியை. டம்ப் முடிந்தது என்று தேதியும் நேரமும் போட்டு ஒரு குறிப்பு அங்கே நிற்க வேண்டும். அது இல்லையென்றால் கோப்பு பாதியில் அறுந்துவிட்டது என்று பொருள். வட்டில் இடம் தீர்ந்திருக்கும், அல்லது இணைப்பு துண்டித்திருக்கும். டம்பை நேராகச் சுருக்கும் நிரலுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் ஆபத்து. டம்ப் பாதியில் நின்றாலும், கிடைத்ததைச் சுருக்கி முடித்த நிரல் 'வெற்றி' என்றே அறிவிக்கும். கோப்பு இருக்கிறது, அளவும் பெரிதாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு.

அந்தக் கோப்பில் வராதவற்றின் பட்டியலும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒரு தரவுத்தளத்தை மட்டும் டம்ப் எடுத்தால் பயனர் கணக்குகளும் அவர்களுடைய உரிமைகளும் அதில் வராது. அவை தனியாக வேறொரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. சேமித்து வைத்த நடைமுறை நிரல்களும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளும் கேட்டால்தான் வரும். தரவு மாறும்போது தானாக ஓடும் டிரிகர்கள் கேட்காமலே வரும். மாத வட்டியைக் கணக்கிடுவது அந்த நடைமுறை நிரல்களில் ஒன்றாக இருந்தால், புது சர்வரில் எல்லா டேபிளும் சரியாக இருக்கும், மாதக் கடைசியில் வட்டி மட்டும் ஏறாது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்திலும் இதே கதைதான். ஒரு தரவுத்தளத்தை எடுத்தால் ரோல்கள் எனப்படும் பயனர் கணக்குகள் வராது. சர்வர் முழுவதற்கும் பொதுவானவற்றைத் தனிக் கட்டளை கொடுத்து எடுக்க வேண்டும்.

அடுத்தது நேரம். மண்டியில் ஏலம் முடிந்து பட்டியல் போடுகிற வேளையில் டேபிள்களைப் பூட்டாமல் டம்ப் ஓடினால், பட்டியலின் தலைப்பு ஒரு கணத்திலும் அதன் உருப்படிகள் இன்னொரு கணத்திலும் பதிவாகும். கோப்பில் தொகை வந்திருக்கும், மூட்டை வந்திருக்காது. இன்னோடிபி வகை டேபிள்களுக்கு இதற்கு நல்ல வழி உண்டு. ஒரே பரிவர்த்தனைக்குள் டம்ப் எடு என்று சொன்னால், தொடங்கிய கணத்தில் தரவு எப்படி இருந்ததோ அப்படியே முழுவதையும் எடுத்துத் தரும். ஊழியர்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கலாம். மைஐசாம் வகைக்கு அந்த வசதி இல்லை. 2010இல் வந்த 5.5 பதிப்புக்கு முன்பு மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக உருவானவை மைஐசாம் டேபிள்களே. பழைய நிறுவனங்களில் இரண்டும் கலந்து கிடக்கும். முதலில் எந்த டேபிள் எந்த வகை என்று பார்த்துக்கொண்டு, மைஐசாம் இருந்தால் டேபிள்களைப் பூட்டிவிட்டு, யாரும் வேலை செய்யாத நேரத்தில் எடுக்கிறேன்.

இவையெல்லாம் எந்த நாட்டிலும் எந்த மொழிக்கும் பொது. தமிழ்த் தரவுக்கென்று தனிப் பாடுகள் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை, வேலையில்தான் தெரிந்தது.

ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டைப் புது சர்வருக்கு மாற்றினேன். பழைய மென்பொருளில் பெயர்கள் அழகாகத் தமிழில் தெரிந்தன. டம்ப் எடுத்துப் புது இடத்தில் ஏற்றினால், ஒவ்வொரு பெயரும் தலையில் சாய்கோடு போட்ட ரோமன் எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக் குறியும், இடையிடையே புரியாத புள்ளிகளுமாக நின்றது. இந்த உருவத்தைப் பார்த்தவுடனே காரணம் தெரிந்துவிடும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக யாரோ படித்திருக்கிறார்கள்.

பழைய டேபிள்கள் லத்தீன்-1 என்று அறிவிக்கப்பட்டிருந்தன. மைஎஸ்கியூஎல் பிறந்தது சுவீடனில், 8.0 பதிப்புக்கு முன்புவரை அதன் இயல்பான குறியாக்கம் லத்தீன்-1, இயல்பான வரிசைமுறை சுவீடிஷ். நம் ஊர் மென்பொருள்காரர்கள் அதை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். மென்பொருளும் லத்தீன்-1 என்று சொல்லியே பேசியதால், தமிழின் பைட்டுகள் உள்ளே போன மாதிரியே வெளியே வந்தன. திரையில் குறை தெரியவில்லை. டம்ப் எடுக்கும் நிரலோ எல்லாவற்றையும் யுடிஎஃப்-8க்கு மாற்றித் தருகிறது. ஏற்கெனவே யுடிஎஃப்-8 ஆக இருந்ததை லத்தீன் என்று நம்பி மறுபடியும் மாற்றியது. மூன்று பைட் 'க' ஏழு பைட் ஆனது. தீர்வு எளிது: மாற்றாமல் லத்தீன்-1 ஆகவே எடு, குறியாக்க அறிவிப்பை எழுதாதே என்று சொல்லி டம்ப் எடுக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பில் டேபிள்களின் குறியாக்கத்தை யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழுமையான யுடிஎஃப்-8க்கு அதுதான் பெயர்) என்று மாற்றி, அதே குறியாக்கத்தில் ஏற்ற வேண்டும். பெயர்கள் தமிழாகத் திரும்பி வந்தன. வரிசைகளின் எண்ணிக்கையும் பொருந்தியது.

பதிவு மேசையில் நெடுநாளாக இருந்த அம்மாவை அழைத்து, "நீங்க பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றேன். அவர் நினைவிலிருந்து பெயர்களைத் தேடத் தொடங்கினார். சிறிது நேரத்தில், "சார், இவரு சுப்பிரமணி இல்லைங்க, சுப்பிரமணியம். வாராவாரம் வர்றவரு. பழைய கம்ப்யூட்டர்லயும் இப்படித்தான் இருக்கும், நாங்க சீட்டைப் பார்த்துத்தான் கூப்பிடுவோம்" என்றார். அடுத்து ஒரு மீனாட்சிசுந்தரத்தைத் தேடினார். திரையில் 'மீனாட்சிசு' என்று இருந்தது.

பெயருக்கு 30 எழுத்து என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். லத்தீன்-1இல் 30 எழுத்து என்றால் 30 பைட். தமிழுக்கு அது பத்துக் குறியீடு. 'சுப்பிரமணியம்' என்பதில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்துப் பதின்மூன்று குறியீடுகள் உண்டு. முதல் பத்தை எண்ணிப் பாருங்கள், மிகச் சரியாக 'சுப்பிரமணி' வரும். மிஞ்சியதை அன்றைய மைஎஸ்கியூஎல் ஓர் எச்சரிக்கையோடு வெட்டிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரும். அந்த எச்சரிக்கையை மென்பொருள் யாருக்கும் காட்டாது. 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் இயல்பாகவே கண்டிப்பான முறை வந்து, இடம் போதாவிட்டால் பதிவையே மறுக்கிறது.

'மீனாட்சிசு' வெட்டுப்பட்டது என்று யாருக்கும் தெரியும். 'சுப்பிரமணி' என்பது நம் ஊரில் நிஜமான பெயர். எந்த நிரலும் அதில் குறை காணாது. புது சர்வரில் 30 என்றால் 30 முழுக் குறியீடுகள். அடுத்த முறை அவர் வரும்போது முழுப்பெயரோடு இன்னொரு பதிவு உருவாகும். எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு பழைய பெயரிலேயே தங்கிவிடும். பெயர் மூன்று குறியீடு குறைந்ததால் ஓர் உயிருக்கு ஆபத்து வரலாம். பெயர் சரியாக 30 பைட் நீளம் உள்ள எல்லாப் பதிவுகளையும் பிரித்தெடுத்துப் பட்டியலாக அச்சடித்தேன். காகிதப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அந்த அம்மாவும் மற்றவர்களும் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். அதன் பிறகுதான் புது சர்வர் பயன்பாட்டுக்கு வந்தது.

அதே மருத்துவமனையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருந்தது. வெளியே வாடகைக்கு எடுக்கிற சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். பதிவு நேரத்தை சர்வரிடமே கேட்டு எழுதிக்கொள்கிற மென்பொருளாக இருந்தால், விடியற்காலை 2 மணிக்குப் பிறந்த குழந்தை முந்தைய நாள் இரவு 8.30க்குப் பிறந்ததாகப் பதிவாகும். குழந்தையின் பிறந்த நாளே மாறிப்போகும். நேர மண்டல அமைப்பைச் சரிசெய்துவிட்டு, நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் ஒரு சோதனைப் பதிவு போட்டுப் பார்க்காமல் நான் சர்வரை ஒப்படைப்பதில்லை.

மஞ்சள் மண்டியின் கணக்கு வேறு வகை. விவசாயிகள் பெயர், ஊர், விரலியா கிழங்கா, எத்தனை மூட்டை, என்ன விலை என்று பல வருட விவரம் ஒரு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பில் இருந்தது. தமிழெல்லாம் பாமினி எழுத்துருவில். யூனிகோடு பரவும் முன்பு தமிழ்த் தட்டச்சு படித்தவர்கள் கைக்கு அது வசதியாக இருந்தது. பாமினியில் தரவுத்தளத்துக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் இருக்கும்; எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும். 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி.

இதைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக எடுத்தபோது, சில வரிகளில் மட்டும் கட்டங்கள் ஒன்று தள்ளி நின்றன. ஊர்ப் பெயர் வகைக் கட்டத்தில், மூட்டை விலைக் கட்டத்தில். தள்ளிய வரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இராமசாமி, இளங்கோ, இலட்சுமி. எல்லாம் இகரத்தில் தொடங்குகிறவர்கள். பாமினியில் 'இ' என்பது காற்புள்ளி. ஒவ்வோர் இகரத்தையும் நிரல் கட்டத்தின் முடிவு என்று எடுத்துக்கொண்டது. இராமசாமியின் இகரம் பிரிப்பானாகி, மிச்சம் ராமசாமியாக அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு கட்டத்தையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, தரவில் வராத ஒரு குறியைப் பிரிப்பானாகத் தேர்ந்தெடுத்து மறுபடியும் எடுத்தேன்.

ஏற்றும்போது வேறொரு தகராறு. பாமினியில் ஒற்றைக் கொம்பு சிறிய 'என்', இரட்டைக் கொம்பு பெரிய 'என்'. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஒன்றாகக் கருதுகிற வரிசைமுறையில் ஏற்றினால் கொடியும் கோடியும் ஒரே சொல். பெயர் தனித்தன்மையோடு இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்த ஊர்ப்பட்டியல் டேபிள், இரட்டைப் பதிவு என்று சொல்லிச் சிலவற்றைத் தள்ளியது. ஆகவே பாமினித் தரவைப் பைட் பைட்டாக ஒப்பிடும் வகையில் ஓர் இடைநிலை டேபிளில் இறக்கி, அங்கேயே யூனிகோடுக்கு மாற்றி, பிறகுதான் உரிய டேபிளுக்கு அனுப்ப வேண்டும். மாற்றும்போதும் முறை உண்டு. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் இருக்கும்; யூனிகோடில் மெய்க்குப் பின்னால். 'கொ' அங்கே மூன்று துண்டு, இங்கே இரண்டு. நீளமான கூட்டை முதலில் மாற்றி, சின்னதைக் கடைசியில் மாற்ற வேண்டும். வரிசை பிறழ்ந்தால் கொடி கெட்டுப்போகும்.

எந்தக் கட்டம் பாமினி, எந்தக் கட்டம் ஆங்கிலம் என்பது கோப்பில் எங்கும் எழுதியிருக்காது. லாரி எண்ணும் வங்கிக் குறியீடும் நிஜமான ஆங்கிலம். குறிப்புக் கட்டத்தில் இரண்டும் கலந்திருந்தன. மண்டிக் குமாஸ்தா வயதானவர். "தம்பி, நான் வாசிக்கிறேன், நீங்க குறிச்சுக்கங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். எது பாமினி, எது லாரி எண், எது அவர் தனக்காகப் போட்டுக்கொண்ட சுருக்கக் குறி என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கடைசியில் வருடவாரியாக மூட்டைகளின் கூட்டலையும் தொகையின் கூட்டலையும் புதுத் தரவுத்தளத்தில் எடுத்து, அவருடைய பேரேட்டோடு ஒப்பிட்டோம். கூட்டல் பொருந்திய பிறகும் அவர் விடவில்லை. தனக்குத் தெரிந்த ஊர்களின் விவசாயிகளை ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். தரவை மாற்றுகிறவனுக்கு இருக்க வேண்டிய பொறுப்பு எப்படிப்பட்டது என்று அவரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இடையில் எக்செலைக் கொண்டுவராதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். சிஎஸ்வி கோப்பை அதில் சும்மா திறந்து சேமித்தாலே போதும், வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூச்சியங்கள் போய்விடும். பதினைந்து இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களின் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடலாம். பார்க்க வேண்டுமென்றால் பிரதியைத் திறந்து பாருங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

பெரிய நிறுவனங்களில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்கிறவர்களுக்கு, மென்பொருள் மூலநிரல்களைச் சேமிக்க இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தின் அனுபவத்தைச் சொல்வேன். 2017 ஜனவரி 31 அன்று, ஒரு பராமரிப்பு வேலையின் நடுவே, அங்கிருந்த பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை நீக்கிவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட் போய்விட்டது. தினசரி டம்பைத் தேடினால், அது இல்லவே இல்லை. சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6; டம்ப் எடுக்க ஓடிய நிரல் 9.2. தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து டம்ப் எடுக்க அந்த நிரல் மறுத்துவிடும். அப்படியே தினமும் மறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தின் பதிவுகள் திரும்பவில்லை. சுமார் 700 பயனர் கணக்குகள் அதில் அடங்கும். நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். நான் போகிற இடங்களில் டம்ப் நிரலின் பதிப்பையும் சர்வரின் பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த அறிக்கையைப் படித்ததிலிருந்துதான்.

பேக்கப் விஷயத்தில் நான் வைத்திருக்கிற ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு ஊரில். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. இதோடு மாதம் ஒருமுறை, அந்த நிறுவனத்தின் சர்வரைத் தொடாமல், வெற்றுக் கணினி ஒன்றில் முழு மீட்பையும் நடத்துகிறேன். டேபிள்வாரியாக எண்ணிக்கை, தொகைகளின் கூட்டல், கடைசிப் பதிவின் தேதி, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். பிறகு அலுவலகத்து ஆள் ஒருவர் தனக்கு நன்றாகத் தெரிந்த பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். மீட்க எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதி வைக்கிறேன். சர்வர் விழுகிற நாளில் முதலாளி கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

டம்ப் கோப்பு யார் திறந்தாலும் படிக்கக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. நோயாளியின் நோயும் விவசாயியின் கடனும் அதில் வெளிப்படையாகக் கிடக்கின்றன. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் வராவிட்டாலும் அடுத்தவர் வீட்டு விவரம் நம் பென் டிரைவில் திரிவது முறையில்லை. மறைக்குறியாக்கம் செய்துதான் எடுத்துப் போகிறேன். வேலை முடிந்ததும் என்னிடமுள்ள பிரதிகளை அழித்துவிட்டு, அழித்தேன் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் டம்ப் எடுக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த அலுவலகத்துப் பதிவு மேசையில் உட்கார வைக்கிறேன். யார் வருகிறார்கள், பெயரை எப்படிச் சொல்கிறார்கள், எழுதுகிறவர் எதைச் சுருக்குகிறார், எந்தக் கட்டத்தை அதற்கென்று இல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துகிறார் என்று பார்த்துவரச் சொல்கிறேன். கட்டளைகளை எந்நேரமும் கற்றுக்கொள்ளலாம். சுப்பிரமணி என்பவர் சுப்பிரமணியமாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் ஒருவருக்குத் தானாக எழ வேண்டுமானால், அந்தப் பெயருக்குரியவர்களைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.